ஒன்பதாம் நிபந்தனை

சங்குமேட்டில் டீக்கடை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் சுகாதார இன்ஸ்பெக்டர் கிருபாநிதியின் சைக்கிள் மணிச் சத்தம் அத்துப்படி. மணி கேட்ட மறு நிமிஷம் ஈ மொய்த்த வடைத்தட்டு மேசைக்கு அடியில் போய்விடும், கழுவாத கிளாஸ் வாளிக்குள் விழும். அப்படியும் அவர் விடமாட்டார். குனிந்து மேசைக்கு அடியில்தான் முதலில் பார்ப்பார். "சுத்தம் சோறு போடும், கிருபாநிதி வந்தா அந்தச் சோத்தையும் பிடுங்கிக் குப்பையில போடுவாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சிரித்தவர் ஒருவரும் இல்லை.

சங்குமேடு என்பது தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் நடுவில், கம்பெனிக் குடியிருப்புகள் வந்த பிறகு முளைத்த சின்ன நகரியம். அதன் சுகாதாரப் பிரிவு என்றால் கிருபாநிதி, இரண்டு மேஸ்திரிகள், டைப்பிஸ்டாக நான். என் பெயர் ஜீவமணி, சொந்த ஊர் சாத்தான்குளம். வாய் நீளம் என்று பெற்ற தாயே சொல்லுவாள். பேச வேண்டிய இடத்தில் அந்த வாய் ஒருமுறை மூடிக்கிடந்தது, அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கிருபாநிதி நாசரேத்துக்காரர். ஐம்பத்திரண்டாம் வருஷம் காலரா வந்தபோது ஆறு வயது மகளைப் பறிகொடுத்தவர். சாயங்காலம் ஓடி விளையாடிய பிள்ளை மறுநாள் மத்தியானம் இல்லை. தெருக்கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று பிறகு சொன்னார்களாம். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு உலகத்தில் எதிரி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத கிருமி. சாவு வந்தால் அந்த வழியாகத்தான் வரும் என்று நம்பினார். வேறு வாசல்களும் அதற்கு உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷக் கடைசியில் கம்பெனி ஆபீசர்கள் தங்கள் கிளப்பில் நீச்சல் குளம் கட்டினார்கள். எங்கள் நகரியத்தில் அதற்கு முன் குளம் என்றால் ஆடுமாடு குளிப்பாட்டும் குளம்தான். அதனால் அனுமதி கொடுக்க எங்களிடம் விதியே கிடையாது. கிருபாநிதி விடுவாரா? மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு, அங்குள்ள நிபந்தனைகளை வரவழைத்து, நம் ஊருக்கு ஏற்றபடி பதினான்கு நிபந்தனை தயார் செய்தார். அத்தனையையும் இங்கிலீஷில் மூன்று பிரதி டைப் அடித்தவள் நான். குளிக்க இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சொறி சிரங்கு உள்ளவர்களை விடக்கூடாது. கால் கழுவும் தொட்டியில் தினமும் மருந்து மாற்ற வேண்டும். ஆழமான பக்கத்தில் அடித்தரையில் ஆறங்குலக் கறுப்புத் தகடு ஒன்று பதித்திருக்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் அது பளிச்சென்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அன்றைக்குக் குளத்தை மூடிவிட வேண்டும். இப்படியே போகும்.

ஒன்பதாவது, காவலாளைப் பற்றியது. குளக்கரையில் எந்நேரமும் ஒரு காவலர் இருக்க வேண்டும், அவர் உயிர்காப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கிளப் செயலாளர் முதலில் தன் மச்சினனைக் கொண்டுவந்து நிறுத்தினார். சான்றிதழ் எங்கே என்று கேட்டார் கிருபாநிதி. இல்லை என்றார்கள். போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரிகளைக் கூப்பிட்டுத் தேதியும் குறித்துவிட்டார்கள். மெட்ராஸுக்கு ஆள் அனுப்பிப் பயிற்சி கொடுத்துக் கூட்டிவர ஒரு மாதமாவது ஆகும். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் யாரோ சந்தியாகுவைப் பற்றிச் சொன்னார்கள்.

சந்தியாகு கடற்கரைக்காரர். அறுபத்தொன்றில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது இருபது வயதுப் பிள்ளையாக இறங்கினவர். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் சங்கு குளித்தார். ஒரு காதில் செவிப்பறை கிழிந்து சீழ் வைத்ததும் கடல் போதும் என்று விட்டுவிட்டு உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள். நெஞ்சு மட்டும் கூடைபோல் அகன்றிருக்கும். யார் எது கேட்டாலும் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

கிருபாநிதிக்கு நீச்சல் தெரியாது. நாசரேத்துத் தேரிமணலில் பிறந்தவருக்கு அது எப்படித் தெரியும்? கடலைக் கண்டாலே நாலு எட்டுப் பின்னால் போகிறவர். அதனால் கடலில் இறங்குகிற மனிதர் மீது அவருக்குக் கோயிலுக்குள் நிற்பது மாதிரி ஒரு மரியாதை. சந்தியாகுவைச் சோதிக்க அவரே குளத்துக்குப் போனார், நானும் குறிப்பெடுக்கப் போனேன். ஒரு பித்தளைப் படிக்கல்லை ஆழத்தில் போட்டு எடுக்கச் சொன்னார். சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புத் தகட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிஷம். மேலே வந்தவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. நின்றிருந்த எல்லோரும் கைதட்டினோம்.

"முத்துக்குளிச்ச ஆளுக்கு மெட்ராஸ்காரனா சர்டிபிகேட் குடுக்கணும்?" என்றார் கிருபாநிதி. வாழ்க்கையில் ஒரு நிபந்தனையையும் தளர்த்தாத மனிதர், அன்று சந்தோஷமாகத் தளர்த்தினார். லஞ்சமும் இல்லை, சிபாரிசும் இல்லை. ஒன்பதாம் நிபந்தனையை அடித்துவிட்டு, 'முத்துக்குளித்த அனுபவம் போதுமானது, சான்றிதழ் தேவையில்லை' என்று தன் கைப்பட எழுதினார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குளம் திறந்து நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. கிருபாநிதி வாரம் மூன்று நாள் போய்க் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் சரியாக வருகிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். வாசலில் ஒரு பலகை வைத்து, 'இன்றைய தண்ணீர் பாதுகாப்பானது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார். ஜில்லாவிலேயே சுத்தமான தண்ணீர் அதுதான் என்று பெருமையாகச் சொல்லுவார். பொய்யில்லை, அடியில் ஒரு குண்டூசி கிடந்தால்கூடத் தெரியும்.

குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சந்தியாகு என்றால் உயிர். எப்படி அவ்வளவு நேரம் மூச்சடக்குகிறீர்கள் என்று நச்சரித்தால் சொல்லிக் கொடுப்பார். நல்லா நாலஞ்சு தடவை மூச்ச இழுத்து விடு, உள்ள போனா அசையாத, அசைஞ்சா மூச்சு சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். பிள்ளைகள் போட்டி வைத்துக்கொண்டார்கள்.

எழுபத்தாறு மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கம்பெனி ஸ்டோர்கீப்பர் சிவனணைந்தபெருமாளின் மகன் பொன்னுதுரை, பதினாலு வயது, ஆழமான பக்கத்தில் இறங்கி அடியில் போய் உட்கார்ந்தான். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக மேலே வந்துவிட்டார்கள். பொன்னுதுரை மட்டும் உள்ளே இருந்தான். கரையில் சந்தியாகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் அயரவில்லை, எங்கும் எழுந்து போகவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார். எண்ணிக்கொண்டேயும் இருந்தார். முத்துக்குளிப்பில் தோணியில் கயிறு பிடிக்கிற ஆளுக்கு ஒரு சட்டம் உண்டு: கீழே இருக்கிறவன் கயிற்றைச் சுண்டினால்தான் தூக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே தூக்கிவிட்டால் அவன் அள்ளிய சிப்பி கொட்டிப்போகும், குளியாளிக்கும் அவமானம். மேலே வந்ததும் கயிறு பிடித்தவனைக் கன்னத்தில் அறைந்தவர்களும் உண்டு. சந்தியாகு குளித்தும் இருக்கிறார், கயிறு பிடித்தும் இருக்கிறார். அசையாமல் உட்கார்ந்திருப்பவன் கெட்டிக்காரன் என்பதுதான் அவர் கடலில் படித்த பாடம். அறுபது எண்ணினார். எண்பது எண்ணினார். பய நம்ம பேரைக் காப்பாத்துதான் என்று நினைத்தாராம். குளத்தில் கயிறு இல்லை என்பது நூறு எண்ணும்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

ஒரே பாய்ச்சலில் பிள்ளையைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார். அப்போதும் நாடி இருந்தது என்கிறார்கள். தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடித்தார். பிறகு ஒரு பீப்பாயின் மேல் குப்புறப் போட்டு உருட்டினார். கடற்கரையில் அதுதான் வழக்கம். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். மெட்ராஸ் பயிற்சியில் முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம்.

கிருபாநிதி சைக்கிளில் பறந்து போனார். போனவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் திறந்து தண்ணீரைச் சோதித்தார். நிறம் சரியாக வந்தது. அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை கிளப் செயலாளர் எங்கள் ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்தினார். சப்-கலெக்டர் விசாரணை வருகிறது, அனுமதிக் காகிதத்தைக் கேட்பார்கள் என்றார். "சான்றிதழ் வேண்டாம்னு எழுதினது நீங்க, மிஸ்டர் கிருபாநிதி. உங்க கையெழுத்து. நான் என்ன செய்ய முடியும்? ஆனா அந்த ஒரு பக்கத்த மட்டும் பழையபடி அடிச்சு வச்சுட்டா, சான்றிதழ் இருக்குன்னு அந்த ஆளு உங்கள ஏமாத்தினதா ஆயிரும். எங்க பிரதிய நான் மாத்திக்கிடுதேன்."

அவர் போன பிறகு கிருபாநிதி அந்த அனுமதிக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. வேலை போகும், கேஸும் வரும். வீட்டில் அவர் மனைவி ஞானபாக்கியம் அக்கா ஈளை நோயோடு படுத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். கடைசியில் என் மேசைப் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏளா ஜீவமணி, அந்த ரெண்டாம் பக்கத்தத் திரும்ப அடிச்சிரு. ஒம்பதாவது முதல்ல இருந்தபடியே இருக்கட்டும். கீழ, சான்றிதழ் இருக்குன்னு சந்தியாகு உறுதி சொன்னதா ஒரு வரி போடு."

"அப்ப அந்த மனுஷன் என்ன ஆவாரு சார்?"

"அடிம்மா" என்றார்.

அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பத்து நிமிஷத்தில் மறைத்தேன். எதிர்த்துப் பேசி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன், அதன் கார்பன் பிரதியை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

கையெழுத்து வாங்க என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சந்தியாகு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கு ஐயா?"

கிருபாநிதி அந்த இடத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. "சர்டிபிகேட் இருக்குன்னு நீரு எங்கிட்ட சொன்னதா எழுதியிருக்கு."

சந்தியாகு காதில் சரியாக விழவில்லையோ என்று நல்ல காதைத் திருப்பினார். "நான் அப்படிச் சொல்லலியே ஐயா?"

"சொல்லல."

பிறகு சந்தியாகு காகிதத்தை வாங்கினார். "பாத்துக்கிட்டு இருந்தவன் நான்லா. பிள்ள செத்துக்கிட்டு இருக்கான், நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க அங்கன இல்லயே. எனக்கு எப்படியும் ஜெயிலு உண்டு. ரெண்டு பேரு எதுக்கு ஐயா?" என்று சொல்லி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். வீட்டில் பெஞ்சாதி தனியாக இருப்பாள், ஒரு எட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், "அவரே சம்மதிச்சுட்டாருல்ல" என்றார் கிருபாநிதி.

"சம்மதிக்கலன்னா கிழிச்சுப் போட்டிருப்பீங்களா சார்?" என்று கேட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒரு கேள்விதான் வெளியே வந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

விசாரணையில் சந்தியாகு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். அக்டோபரில் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. கவனக் குறைவுக்கு ஆறு மாதத்தோடு போயிருக்கும், சான்றிதழ் இருப்பதாகப் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்ததால்தான் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னார். அந்த ஒரு வருஷத்தை டைப் அடித்துக் கொடுத்தது என் கை. சந்தியாகுவைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கிளப்பில் மெட்ராஸிலிருந்து சான்றிதழோடு ஒரு ஆளை வரவழைத்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதற்குப் பிறகு கிருபாநிதி வேறு ஆளாகிவிட்டார். சைக்கிள் மணி அடிக்காமல் போவார். டீக்கடையில் ஈ மொய்த்தால் மொய்க்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஊர்க்காரர்கள் மனுஷன் திருந்திவிட்டார் என்றார்கள். எனக்கு அவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, தேவையானதற்கு மட்டும் பேசிக்கொண்டோம். சந்தியாகுவின் மனைவி தங்கத்தாயைப் பார்க்க ஒரே ஒரு தடவை போனார். அந்த அம்மா, "அவிய பொய் சொல்ல மாட்டாவ ஐயா. யாரோ சொல்லச் சொல்லியிருக்காவ" என்று அவரிடமே அழுதிருக்கிறாள். பிறகு அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை.

ஏழு மாதம் கழித்து, எழுபத்தேழு மே மாதத்தில் ஒருநாள் காலை, ஆபீசுக்கு வந்ததும் என் முன்னால் வந்து நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தப் பழைய பக்கத்த நீ முழுசாக் கிழிக்கலன்னு எனக்குத் தெரியும். கார்பன் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டிய காகிதம் அது. வாங்கிப் பையில் வைத்தார். "பத்தரை பஸ்ஸுக்கு சப்-கலெக்டரப் பாக்கப் போறேன். என்ன ஆனாலும் சரி. நீயும் வாரியா?" வருகிறேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கப் போகிறது என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

பத்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். சிவனணைந்தபெருமாள் படியேறி வந்துகொண்டிருந்தார், பொன்னுதுரையின் அப்பா. ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. கிருபாநிதியைக் கண்டதும் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் புள்ளைக்கு வருஷ திவசம் ஐயா. நீங்க வரணும். எங்க வீட்டுக்காரி உங்களப் பாக்கணுங்கா."

"அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார் கிருபாநிதி.

"கேளுங்க ஐயா. புள்ள நீஞ்சப் போகட்டான்னு கேட்டப்ப, நல்ல தண்ணின்னு பலகையில எழுதியிருக்குல்லா, போயிட்டு வான்னு அனுப்புனவ அவதான். அஞ்சு மாசமா, நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு தலையில அடிச்சுக்கிட்டுக் கெடந்தா. ஒருநா ராத்திரி கிணத்துப் பக்கம் போனவளப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அப்புறம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. உக்காத்தி வச்சு தமிழ்ல சொன்னேன். இந்தா பாரு, இன்ஸ்பெக்டரு எல்லாம் சரியாத்தான் எழுதி வச்சிருக்காரு, ஒம்பதாவது நிபந்தனை போட்டிருக்காரு, நீ நம்பி அனுப்புனதுல ஒரு தப்பும் இல்ல, ஒருத்தன் பொய் சொல்லி எல்லாரையும் ஏமாத்திட்டான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் ஐயா அவ ஒரு வாய் சோறு தின்னா."

கிருபாநிதி ஒரு கையை விடுவித்துக்கொண்டு பையைத் திறக்கப் போனார். "அண்ணாச்சி, அந்தக் காகிதத்துல ஒரு விஷயம்... நான் சொல்லணும்..."

"வேண்டாம் ஐயா" என்றார் சிவனணைந்தபெருமாள். "அதப்பத்தி இனிமே ஒண்ணும் பேச வேண்டாம். நல்லதோ கெட்டதோ, புதுசா ஒண்ணு வந்தா அவ தாங்க மாட்டா. இத ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுதான் உயிரோட இருக்கா. நாளைக்கு வந்து ஒரு பூ மட்டும் போட்டுட்டுப் போங்க."

கும்பிட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். பத்தரை பஸ் வந்து, நின்று, புறப்பட்டுப் போனது. கிருபாநிதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு பையைத் திறந்து அந்தக் கார்பன் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவர் ஸ்டோர்கீப்பர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை படத்துக்குப் பூப் போட்டார். அந்தத் தாய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் சந்தியாகுவுக்கு அன்றைக்கு இன்னும் பதினோரு மாதம் பாக்கி இருந்தது.